முகப்பும் பீடமும்: நெப்போலியன் காலப் பொம்மைச் சேனைகளில் அளவை பற்றிய ஓர் ஆராய்ச்சி

லண்டனில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில், 1815-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி மாலை ஏழு மணி அளவில் வாட்டர்லூ மைதானம் எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதைக் காட்டும் விசாலமான மாதிரி ஒன்று இருக்கிறது. அதை உருவாக்கியவர் வில்லியம் சைபோர்ன் என்னும் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. போர் நடந்த இடத்தின் நடுவே உள்ள லா ஹே சாந்த் என்ற பண்ணைவீட்டிலேயே எட்டு மாதம் தங்கி, மேட்டையும் பள்ளத்தையும் வேலியையும் சாலையையும் அளந்து குறித்துக்கொண்டு, யுத்தத்தில் பங்குகொண்ட அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, அவரவர் படை எந்த இடத்தில் எந்த அணியில் நின்றது என்று கேட்டறிந்து அவர் செய்து முடித்த அந்த மாதிரி, 1838-இல் லண்டனில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஒரு மைலுக்கு ஒன்பது அடி என்பது அதன் அளவை. அதாவது நிலம் ஏறத்தாழ 587-இல் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. மனிதனையும் அதே அளவையில் சுருக்கியிருந்தால், ஐந்தரை அடி உயரமுள்ள சிப்பாய் மூன்று மில்லிமீட்டர்கூட வரமாட்டான். அவன் நிற்கும் இடத்தின் அகலமோ ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும். அத்தகைய உருவத்தை வார்ப்பது அரிது. வார்த்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது மணல்போலத்தான் தெரியும். ஆகவே சைபோர்ன் தம் சிப்பாய்களை நிலத்தின் அளவைக்குப் பொருந்தாத உயரத்தில் செய்துகொண்டு, அதற்கு ஈடாக இரண்டு வீரர்களுக்கு ஒரு பொம்மை என்று கணக்கு வைத்துக்கொண்டார். அப்படியும் அவருக்கு எழுபதினாயிரம் பொம்மைகளுக்கு மேல் தேவைப்பட்டன.

சைபோர்ன் செய்தது காட்சிப் பொருள், விளையாட்டு அன்று. ஆயினும் அவர் எதிர்கொண்ட சிக்கல்தான், இன்று பொம்மைச் சேனைகளைக் கொண்டு நெப்போலியன் காலப் போர்களை மேசைமேல் நடத்திப் பார்க்கும் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் சிக்கல். ஈயக் கலவையிலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த சிறு வீரர்களுக்கு வர்ணம் தீட்டி, சிறு பலகைத் துண்டுகளில் ஒட்டி, அளவுகோலாலும் பகடைகளாலும் நகர்வையும் சேதத்தையும் நிர்ணயித்து ஆடும் இந்த விளையாட்டில், ஒரு படைப்பிரிவு மேசைமேல் எவ்வளவு அகலம் பிடிக்கவேண்டும் என்ற கேள்வி, வெளிப்பார்வைக்கு அற்பமானதாகத் தோன்றலாம். உண்மையில் அந்தக் கேள்விக்கு அளிக்கப்படும் விடையே, எந்தப் போரை ஆடமுடியும், எத்தனை வீரர்கள் வேண்டும், எவ்வளவு பெரிய மேசை வேண்டும், ஆடியபின் கிடைக்கும் முடிவு சரித்திரத்தோடு ஒத்துப்போகுமா என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. அந்த விடையின் நியாயங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று அளவைகள்

இவ்விளையாட்டில் ஒன்றோடொன்று இணங்காத மூன்று அளவைகள் ஒரே மேசையில் கூடி வாழ்கின்றன. முதலாவது, உருவ அளவை: பொம்மை எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்பது. இக்காலத்தில் 28 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் என்ற உயரங்கள் பெருவழக்காக உள்ளன. 28 மில்லிமீட்டர் பொம்மை உண்மை மனிதனின் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. இரண்டாவது, ஆள் விகிதம்: ஒரு பொம்மை எத்தனை வீரர்களுக்குப் பிரதிநிதி என்பது, இருபது, முப்பது, ஐம்பது என்று விதிநூலுக்கு விதிநூல் இது மாறும். மூன்றாவது, நில அளவை: மேசையின் ஒரு மில்லிமீட்டர் மைதானத்தில் எத்தனை மீட்டரைக் குறிக்கிறது என்பது. இந்த மூன்றையும் ஒருங்கே கட்டிப்போடும் முடிச்சுத்தான் பீடம். பொம்மைகளை ஒட்டும் அந்தச் சிறு பலகைத் துண்டின் அகலம் முடிவான அந்த நிமிஷமே, ஆள் விகிதத்தோடு சேர்ந்து, நில அளவையும் முடிவாகிவிடுகிறது. அதன்பின் விளையாடுபவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதை மாற்ற இயலாது.

இந்த முடிச்சு தொடக்கம் முதலே இருந்ததன்று என்பதைச் சரித்திரம் காட்டுகிறது. பிரஷ்யப் படையதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ், தம் தந்தை தொடங்கிவைத்த போர்விளையாட்டைத் திருத்தி 1824-இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்பீல்’ என்னும் பயிற்சிமுறை, 8,000-இல் ஒரு பங்கு அளவையில் வரைந்த வரைபடத்தின்மேல் ஆடப்பட்டது. படைகளைக் குறிக்க அவர் பயன்படுத்தியவை பொம்மைகள் அல்ல. அதே அளவைக்கு வெட்டப்பட்ட சிறு கட்டைகள். 168 மீட்டர் நீளம் விரிந்து நிற்கும் ஒரு படைப்பிரிவு அந்த வரைபடத்தில் 21 மில்லிமீட்டர் இடத்தைப் பிடிக்கும். கட்டையும் அவ்வளவே இருக்கும். கட்டைக்கு முகமில்லை, தொப்பியில்லை, உயரமும் ஒரு பொருட்டல்ல. ஆகவே பொய் சொல்லவேண்டிய அவசியமும் அதற்கில்லை. பிரஷ்யப் படைத் தலைமையகத்தின் தலைவர் மியூஃப்லிங் இதைக் கண்டு மகிழ்ந்து படைகளுக்கெல்லாம் பரிந்துரைத்ததற்கு, அந்த அளவையின் நேர்மையும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். பின்னர் 1913-இல் ஹெச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில், குழந்தைகளின் பொம்மைச் சிப்பாய்களையும் சுருள்வில் பீரங்கியையும் கொண்டு ஆடும் முறையை எழுதியபோது, அளவை என்ற கவலை முற்றிலும் அகன்றுபோயிற்று. அங்கே ஒரு பொம்மை ஒரு மனிதன், அவ்வளவே. இவ்விரு மரபுகளும், அதாவது அதிகாரியின் வரைபடமும் சிறுவனின் பொம்மைப் பெட்டியும், 1960-களில் டான் ஃபெதர்ஸ்டோன் முதலியோரின் நூல்கள் வழியாகப் பிரிட்டனில் ஒன்றுசேர்ந்தபோதுதான், பொம்மையின் அழகையும் வரைபடத்தின் அளவையையும் ஒருசேர வேண்டும் என்ற ஆசையும், அந்த ஆசை உண்டாக்கிய சிக்கலும் பிறந்தன.

முழங்கையோடு முழங்கை

நெப்போலியன் காலத்தில் முகப்பு அகலம், அதாவது எதிரியை நோக்கி நிற்கும் பக்கத்தின் அகலம், ஏன் இத்தனை முக்கியம் என்பதை அறிய, அக்காலக் காலாட்படை எவ்வாறு நின்றது என்பதைப் பார்க்கவேண்டும். நம் மொழியில் வழங்கும் பட்டாளம் என்ற சொல்லே ‘பட்டாலியன்’ என்ற ஐரோப்பியச் சொல்லின் திரிபு. இக்கட்டுரையிலும் அந்தப் பொருளிலேயே அதை வழங்குவோம். ஐந்நூறு முதல் எண்ணூறு பேர் வரை கொண்ட பட்டாளம், போரிடும்போது வீரர்கள் பக்கம் பக்கமாக முழங்கையோடு முழங்கை உரச நின்று, இரண்டு அல்லது மூன்று வரிசையாக நீளும். முன்பின்னாக நிற்கும் இருவரையோ மூவரையோ ஒரு நிரல் என்று வைத்துக்கொண்டால், பிரிட்டிஷ் பயிற்சி முறைப்படி ஒரு நிரலுக்கு ஏறத்தாழ 22 அங்குல இடம். பிரெஞ்சுப் படை 1791-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி மூன்று வரிசையாக நின்றது. பிரிட்டிஷ் படையின் விதிநூலும் மூன்று வரிசையையே கூறியபோதிலும், அது நடைமுறையில் இரண்டு வரிசையாகவே நின்றது.

இந்த ஒரு வரிசை வேற்றுமையின் பலன் சாமானியமானதல்ல. அறுநூறு பேர் கொண்ட பிரிட்டிஷ் பட்டாளம் இரண்டு வரிசையில் 300 நிரலாக நின்றால் அதன் முகப்பு ஏறத்தாழ 168 மீட்டர். அதே அறுநூறு பேர் மூன்று வரிசையில் 200 நிரலாக நின்றால் 112 மீட்டர்தான். அக்காலத் துப்பாக்கி குறிவைத்துச் சுடும் கருவியல்ல. நூறு கஜத்துக்கு அப்பால் அதன் குண்டு எங்கே போகும் என்று சுடுபவனுக்கே தெரியாது. ஒருவர் சுட்டால் பயனில்லை, நூறு பேர் ஒருசேரச் சுட்டால்தான் பயன். ஆகவே எத்தனை துப்பாக்கிகள் எதிரியை நோக்கி நிற்கின்றன என்பதே பட்டாளத்தின் பலம். அதைத் தீர்மானிப்பது முகப்பு. நெப்போலியனே 1813 அக்டோபரில், லைப்சிக் யுத்தத்துக்குச் சில நாட்களுக்கு முன், தம் காலாட்படையை இரண்டு வரிசையாக நிற்கும்படி உத்தரவிட்டார். மூன்றாம் வரிசையின் துப்பாக்கிச் சூட்டால் பிரயோஜனம் குறைவு என்பது ஒரு காரணம், இருக்கும் சேனை மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிட்டதாக எதிரி எண்ணுவான் என்பது மற்றொன்று. முகப்பு அகலம் மெய்யான பலம் மட்டுமன்று, பலத்தின் தோற்றமும் அதுவே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சரித்திராசிரியர்களின் வாதங்களிலும் முகப்புக் கணக்கு பெரும்பங்கு வகித்திருக்கிறது. ஐபீரிய யுத்தத்தின் வரலாற்றை எழுதிய சார்லஸ் ஓமன், பிரிட்டிஷாரின் மெல்லிய வரி அணி பிரெஞ்சுக்காரரின் திரள் அணியை வென்றதற்குக் காரணம் கணிதமே என்று வாதித்தார். பட்டாளத்தின் உட்பிரிவான கம்பெனிகள் இரண்டின் அகலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் அறுநூறு பேர் கொண்ட பிரெஞ்சுத் திரளில், முதல் இரண்டு வரிசையினரான ஏறத்தாழ 134 பேரே சுடமுடியும். எதிரே உள்ள பிரிட்டிஷ் வரியிலோ அறுநூறு பேரும் சுடலாம். பின்வந்த ஆசிரியர்கள் இவ்வாதத்தை அப்படியே ஏற்கவில்லை: திரள் அணி நகர்வதற்கானதே, எதிரியை நெருங்கியதும் விரிவதற்கு முன்பே அது சிக்கிக்கொண்டது என்றும், பிரிட்டிஷார் நீடித்துச் சுடாமல் ஓரிரு முறை சுட்டுவிட்டுத் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்ததே வெற்றிக்குக் காரணம் என்றும் அவர்கள் கூறினார்கள். 1806-ஆம் ஆண்டு மைடா சண்டையைத் தம் கொள்கைக்கு உதாரணமாகக் காட்டிய ஓமனே, அங்கே பிரெஞ்சுக்காரர்களும் வரி அணியில்தான் நின்றார்கள் என்பதைப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். இவ்வாதத்தில் எப்பக்கம் சேர்ந்தாலும், வரிக்கும் திரளுக்கும் உள்ள அகல வேற்றுமையைக் காட்டாத ஒரு விளையாட்டில் இந்த வாதத்துக்கே இடமில்லாமல் போய்விடும் என்பது மட்டும் நிச்சயம்.

மேசைமேல் ஒரு பட்டாளம்

இனி ஒரு பட்டாளத்தை மேசைமேல் வைத்து அளந்து பார்ப்போம். 28 மில்லிமீட்டர் பொம்மைகள் முப்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு பொம்மை இருபது பேர் என்பது ஆள் விகிதம்; ஆகவே இவை அறுநூறு பேர். நீட்டிய துப்பாக்கியும் அகன்ற காலும் கொண்ட பொம்மை நிற்பதற்குப் பீடத்தில் 15 மில்லிமீட்டர் அகலமும் 20 மில்லிமீட்டர் ஆழமும் தேவை. இதற்கும் குறைத்தால் ஒருவனுடைய துப்பாக்கி மற்றவனுடைய முதுகுப்பையைக் குத்தும். பிரிட்டிஷ் பட்டாளமாக, இரண்டு வரிசையில் பதினைந்து பதினைந்தாக நிறுத்தினால், முகப்பு 225 மில்லிமீட்டர். உண்மையில் அது 168 மீட்டர் அல்லவா? ஆகவே மேசையின் ஒரு மில்லிமீட்டர் மைதானத்தின் முக்கால் மீட்டர். அதே முப்பது பொம்மைகளைப் பிரெஞ்சுப் பட்டாளமாக மூன்று வரிசையில் பத்துப் பத்தாக நிறுத்தினால் 150 மில்லிமீட்டர். முக்கால் மீட்டர் கணக்கில் அது 112 மீட்டர். பாருங்கள், கணக்கு அட்சரசுத்தமாகப் பொருந்துகிறது. நூறு கஜத் துப்பாக்கித் தூரம் மேசைமேல் ஏறக்குறைய 122 மில்லிமீட்டர், அதாவது ஒரு சாண் கூட இல்லை. 120 குதிரை கொண்ட ஸ்குவாட்ரன் என்னும் குதிரைப்படைப் பிரிவு ஒன்று, குதிரைக்கு ஒரு கஜம் வீதம் இரண்டு வரிசையில் நின்றால், ஏறத்தாழ 55 மீட்டர். மேசைமேல் 73 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் அகலப் பீடத்தில் மூன்று மூன்றாக இரு வரிசையில் ஆறு குதிரை வீரர்களை வைத்தால் அதுவும் பொருந்திவிடுகிறது.

இவ்வளவும் அகலத்தில். ஆழத்தைப் பார்த்தால் அதே பட்டாளம் வேறு கதை சொல்கிறது. இரண்டு வரிசைப் பொம்மைகளின் பீடம் 40 மில்லிமீட்டர் ஆழம். முக்கால் மீட்டர் கணக்கில் 30 மீட்டர். ஆனால் மைதானத்தில் இரண்டு வரிசை வீரர்கள் முன்பின்னாக நின்ற இடம் இரண்டு மீட்டர்தான். பிழை பதினைந்து மடங்கு. காரணம் எளிது: இருபது பேரை ஒருவனாக்கியபோது அவர்களைப் பக்கவாட்டில் மட்டும் சேர்த்துச் சுருக்கினோம், முன்பின்னாகச் சுருக்குவதற்கு அங்கே இருபது பேர் இல்லை, இரண்டு பேரே இருந்தார்கள். வீடுகளின் கதி இன்னும் விசித்திரமானது. பத்து மீட்டர் அகலமுள்ள விவசாயி வீட்டை நிலத்தின் அளவையில் செய்தால் 13 மில்லிமீட்டர். சிப்பாயின் இடுப்பளவு வரும். சிப்பாயின் அளவையில் செய்தால் 167 மில்லிமீட்டர். அப்போது அந்த ஒற்றை வீடு மைதானத்தில் 120 மீட்டருக்கு மேல் இடத்தை அடைத்துக்கொண்டு, ஒரு பிரெஞ்சுப் பட்டாளத்தின் முகப்பையே விழுங்கிவிடும்.

மேசையின் கொள்ளளவையும் இதே கணக்கு நிர்ணயிக்கிறது. சாதாரண வீட்டில் கிடைக்கும் ஆறடிக்கு நாலடி மேசை, இந்த அளவையில் 1,370 மீட்டருக்கு 915 மீட்டர் நிலம். வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் வரிசை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீண்டிருந்தது; அதற்கு ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட மேசை வேண்டும். இரு சேனைகளும் நின்ற மேடுகளுக்கு இடையே ஏறத்தாழ 1,200 மீட்டர். நம் மேசையோ அதைவிடக் குறுகலானது. நாலடி அகல மேசையில் பீரங்கியை ஒரு விளிம்பில் வைத்தால் மறுவிளிம்பு அதன் குறிக்குள் வந்துவிடும். சேமப்படையை மறைத்துவைக்க இடமே இராது. சேமப்படையை எப்போது, எங்கே அனுப்புவது என்பதுதான் நெப்போலியனின் கலையில் பாதி. அந்தப் பாதி மேசையைவிட்டு வெளியே போய்விடுகிறது.

ஆழம் செய்யும் பிழை

ஆழத்தின் பிழை கண்ணுக்கு மட்டும் உறுத்தலானது, ஆட்டத்துக்குத் தீங்கில்லை என்று சிலர் கருதுவதுண்டு. இது சரியன்று என்பதற்கு வாட்டர்லூவே சாட்சி. அன்று பிற்பகல் பிரெஞ்சுத் தளபதி தெர்லோன் பிரபுவின் படை வெலிங்டனின் இடதுபுறத்தை நோக்கி ஏறியபோது, அதிலிருந்த மார்க்கோனேயின் டிவிஷன் எட்டுப் பட்டாளங்களை ஒவ்வொன்றும் முழு வரியாக விரித்து, ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி அடுக்கிக்கொண்டு நகர்ந்தது. ஒரு பட்டாளம் ஏறத்தாழ ஐந்நூறு பேர். மூன்று வரிசையில் சுமார் 160 நிரல். முகப்பு 90 மீட்டர். எட்டுப் பட்டாளங்களுக்கு 24 வரிசை. இடைவெளிகளையும் சேர்த்தால் மொத்த ஆழம் ஏறத்தாழ 50 மீட்டர். ஆகவே அது ஆழத்தைவிட அகலம் மிகுந்த, செங்கல்லைப் போன்ற ஒரு திரள். அத்தனை நெருக்கத்தில் நின்றதால், ஸ்காட்ஸ் கிரேஸ் என்னும் பிரிட்டிஷ் குதிரைப்படை பாய்ந்தபோது, குதிரைகளைத் தடுக்கும் சதுர அணிக்கு மாற அதற்கு இடமில்லை. அந்த டிவிஷனைச் சேர்ந்த 45-ஆம் ரெஜிமெண்டின் கழுகுக் கொடி பறிபோயிற்று.

இதே டிவிஷனை நம் மேசைமேல் வைப்போம். ஒரு பட்டாளத்துக்கு 24 பொம்மை, மூன்று வரிசையில் எட்டெட்டாக: முகப்பு 120 மில்லிமீட்டர், அதாவது 90 மீட்டர், முழுப் பொருத்தம். ஒரு பட்டாளத்தின் ஆழம் 60 மில்லிமீட்டர். எட்டையும் இடைவெளியே இன்றி ஒட்டி அடுக்கினாலும் 480 மில்லிமீட்டர். மைதானக் கணக்கில் 360 மீட்டர். முதல் பட்டாளம் மேட்டின் உச்சியை எட்டும்போது கடைசிப் பட்டாளம் இன்னும் பள்ளத்தாக்கின் நடுவிலே நின்றுகொண்டிருக்கும். உண்மையில் செங்கல்லாக இருந்தது மேசைமேல் பாம்பாகிவிட்டது. பாம்பின் தலையைக் குதிரைப்படை தாக்கினால் வால் தப்பித்துக்கொள்ளும். செங்கல்லைத் தாக்கினால் எல்லாமே ஒருசேர நொறுங்கும். அன்று நடந்தது இரண்டாவது; மேசை காட்டுவது முதலாவது.

சதுர அணியிலும் இதே விபரீதம். அறுநூறு பேர் நான்கு வரிசை ஆழத்தில் சதுரமாக நின்றால் ஒரு பக்கத்துக்கு 37 நிரல், ஏறத்தாழ 21 மீட்டர். மேசைமேல் அது 28 மில்லிமீட்டர், இரண்டு பொம்மைகூடப் பக்கம் பக்கமாக நிற்கமுடியாத இடம். பொம்மைகளை வைத்துச் சதுரம் கட்டினாலோ ஒரு பக்கம் நூறு மில்லிமீட்டரைத் தாண்டும், எண்பது மீட்டர். வாட்டர்லூவில் நான்கு மணிக்குப் பின் பிரெஞ்சுத் தளபதி நேயின் குதிரைப்படைகள் பிரிட்டிஷ் சதுரங்களுக்கு இடையே புகுந்து, சுற்றி, திரும்பத் திரும்ப அலையாக வந்தன. மேசைமேல் அந்தச் சதுரங்களை நிறுத்தினால் அவற்றுக்கு இடையே குதிரை புகுவதற்குச் சந்தே இராது. அவை கோட்டைச் சுவராகிவிடும்.

தீர்வுகளும் அவற்றின் விலையும்

இச்சிக்கலுக்கு விளையாட்டின் ஆசிரியர்கள் கண்ட தீர்வுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையார் பொம்மையின் அழகை விட்டுக்கொடுக்க மறுத்து, மேசையைப் பெரிதாக்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட பொம்மைகள் கொண்ட பட்டாளங்களும், அறையை நிறைக்கும் மேசைகளும், பீட்டர் கில்டர் போன்றோரால் பிரசித்தி பெற்ற அந்த ராஜரீக பாணியின் லட்சணங்கள். காண்பதற்கு அதற்கு ஈடில்லை. ஆனால் வாட்டர்லூவின் பிரெஞ்சு, ஆங்கிலோ-டச்சுச் சேனைகளில் இருந்த ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதினாயிரம் பேரை இருபதுக்கு ஒன்றாகக் குறைத்தாலும் ஏழாயிரம் பொம்மைகள் வேண்டும். தனி மனிதன் ஒருவன் மாலை வேளைகளில் தூரிகை பிடித்து அவ்வளவையும் தீட்டி முடிப்பதற்குள் ஆயுளில் பாதி கழிந்துவிடும்.

இரண்டாம் வகையார் ஆள் விகிதத்தை உயர்த்தினார்கள். ஒரு பொம்மைக்கு ஐம்பது பேர் என்றால் அறுநூறு பேருக்குப் பன்னிரண்டு பொம்மை. இரு வரிசையில் 90 மில்லிமீட்டர் முகப்பு. ஒரு மில்லிமீட்டர் ஏறத்தாழ 1.87 மீட்டர். ஆறடி மேசை இப்போது மூன்று கிலோமீட்டருக்கு மேல் கொள்ளும். 1989-இல் வெளிவந்த ‘நெப்போலியன்ஸ் பேட்டில்ஸ்’ இதையும் தாண்டி, காலாள் பொம்மை ஒன்றுக்கு 120 பேர், ஓர் அங்குலத்துக்கு நூறு கஜம் என்று நிர்ணயித்து, பட்டாளத்தை விட்டு, பல பட்டாளங்கள் சேர்ந்த பிரிகேடையே ஆட்டத்தின் அலகாக்கியது. இதற்குக் கொடுக்கும் விலை ஆழத்தில் தெரிகிறது: முன்னே 30 மீட்டராக இருந்த பொய் 75 மீட்டராக வளர்கிறது; நானூறு ஜெர்மானிய வீரர்கள் பிற்பகல் முழுதும் காத்து நின்ற லா ஹே சாந்த் பண்ணையைப் பொம்மை அளவில் செய்து வைத்தால், அது மைதானத்தில் ஒரு சிற்றூரின் இடத்தைக் கவர்ந்துகொள்கிறது. இதே வகையைச் சேர்ந்ததுதான் 6 மில்லிமீட்டர் பொம்மைகளுக்கு மாறுவதும்; உருவம் குறைந்தால் பீடத்தின் ஆழமும் குறைகிறது, ஒரு பீடத்தில் நான்கு வரிசையாக நாற்பது வீரர்களை நிறுத்தும்போது பார்ப்பவன் கண்ணுக்குத் தனிமனிதன் மறைந்து பட்டாளம் தெரிகிறது. ஆனால் சீருடையின் பொத்தானையும் கழுத்துப்பட்டையின் நிறத்தையும் ரசித்து ரசித்துத் தீட்ட விரும்புபவனுக்கு அதில் திருப்தி இராது.

மூன்றாம் வகையார் பொம்மையைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். சாம் முஸ்தபாவின் ‘லசால்’ (2009), ‘ப்ளூஷர்’ (2015) முதலிய விதிநூல்களில், நகர்வும் தூரமும் அங்குலத்தால் அளக்கப்படுவதில்லை. பீடத்தின் அகலமே அளவுகோல். உன் பீடம் 40 மில்லிமீட்டராயினும் 80 மில்லிமீட்டராயினும் கவலையில்லை. எதிராளியின் பீடமும் அவ்வாறே இருந்தால் போதும், அதன்மேல் எத்தனை பொம்மை நிற்கிறது என்பது உன் ரசனை. இதன் தத்துவத்தை ஊன்றிக் கவனிக்கவேண்டும். பிரிகேடு ஒன்றின் அகலம் அதன் பட்டாளங்களின் அகலத்தைக் கூட்டினால் வருவதன்று. சில பட்டாளங்கள் முன்னே, சில பின்னே, இடையே விரிந்து திரும்புவதற்கான வெற்றிடம், முன்னால் சிதறித் திரியும் சிறுபடை என்று அது ஒரு பிரதேசத்தையே ஆண்டுகொண்டிருக்கிறது. ஆகவே பெரும் படைப்பிரிவைக் குறிக்கும்போது பீடம் என்பது மனிதர்கள் நின்ற தரையைக் குறிப்பதன்று. ஒரு தளபதியின் ஆணை செல்லும் பரப்பைக் குறிப்பது. இந்தப் பொருளில் பீடத்தின் ஆழமும் பொய்யல்ல. அது பின்வரிசைப் பட்டாளங்களுக்கும் இடைவெளிகளுக்கும் உரிய இடம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ரைஸ்விட்ஸின் கட்டை சொன்னதையே, பொம்மையைத் தலையில் சுமந்துகொண்டு, இந்தப் பீடம் சொல்கிறது.

பீடத்தின் அகலத்தைப் பற்றி வழக்கறிஞர்களைப்போல விளையாட்டுக்காரர்கள் வாதிப்பதற்கு ஒரு லௌகிகமான காரணமும் உண்டு. பண்டைக்காலப் போர்களை ஆடுபவர்களுக்கு, 1990-இல் வெளிவந்த ‘டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ்’ போன்ற நூல்களால், 15 மில்லிமீட்டர் பொம்மைக்கு 40 மில்லிமீட்டர் முகப்பு, 25 மில்லிமீட்டர் பொம்மைக்கு 60 மில்லிமீட்டர் முகப்பு என்று ஒரு பொதுவழக்கு நிலைபெற்றது. ஊர்விட்டு ஊர் சென்று யாரோடும் ஆடலாம். நெப்போலியன் காலத்துக்கு அப்படியொரு சமரசம் ஏற்படவேயில்லை. புதிய விதிநூல் ஒன்று வந்தவுடன், பசை ஊறிக் காய்ந்த பீடத்திலிருந்து ஒவ்வொரு பொம்மையையும் கத்தி முனையால் நெம்பி எடுத்து, கணுக்கால் முறியாமல் காப்பாற்றி, புதிதாக வெட்டிய பலகையில் ஒட்டி, மணலும் பச்சையும் மறுபடி தூவவேண்டும். ஆயிரம் பொம்மை வைத்திருப்பவனுக்கு இது மாதக்கணக்கான தண்டனை. அதனால்தான் அனுபவசாலிகள் சிறிய பீடங்களில் ஒட்டி, அவற்றைக் காந்தத் தகடு பதித்த பெரிய தட்டுகளில் நிறுத்தி, விதிநூலுக்கு ஏற்பத் தட்டை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள்.

சேதத்தைக் காட்டும் முறையும் முகப்பைத் தொடுகிறது. அக்காலத்துப் பட்டாளத்தில் வீரர்கள் விழ விழ, எஞ்சியோர் நடுவை நோக்கி நெருங்கி நிரல்களை அடைத்துக்கொள்வார்கள். வரிசை எண்ணிக்கை மாறாது, முகப்பு சுருங்கும், பக்கத்துப் பட்டாளத்துக்கும் இதற்கும் இடையே சந்து விரியும், அந்தச் சந்தில்தான் குதிரைப்படை புகும். பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுக்கும் பழைய முறை இதை ஓரளவு காட்டியது. பீடத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு சிறு குறியை வைத்துச் சேதத்தை எண்ணும் புதிய முறை கைக்குச் சௌகரியமானது. ஆனால் பாதிப் பேரை இழந்த பட்டாளமும் முழுப் பட்டாளத்தின் அகலத்தையே கடைசிவரை காத்துநிற்கிறது. சௌகரியத்துக்காக விட்டுக்கொடுத்த உண்மைகளில் இதுவும் ஒன்று.

முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து ஒரு தீர்ப்பைக் கூறலாம். உருவம், ஆள் விகிதம், நிலம் ஆகிய மூன்று அளவைகளும் ஒரே மேசையில் ஒருங்கே உண்மையாக இருத்தல் அசாத்தியம். அவ்வாறு இருக்கின்றன என்று கூறும் விதிநூல் தன்னையும் ஏமாற்றிக்கொள்கிறது, வாசகனையும் ஏமாற்றுகிறது. எதை மெய்யாக வைத்துக்கொண்டு எதைச் சம்பிரதாயமாக ஏற்பது என்பதே கேள்வி. ஒரு டிவிஷன் வரையிலான படைகளை ஆடும்போது முகப்பையே மெய்யாகக் கொள்ளவேண்டும் என்பதும், இரு வரிசைக்கும் மூன்று வரிசைக்கும் உள்ள வேற்றுமையைப் பீடத்திலேயே காட்டவேண்டும் என்பதும், திரளும் சதுரமும் பொம்மைகள் பிடிக்கும் இடத்தால் அல்லாமல் விதியால் ஆளப்படவேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். மார்க்கோனேயின் திரளை ஆடுபவர் எட்டுப் பட்டாளங்களையும் அடுக்கவேண்டியதில்லை; முன்னே இரண்டை நிறுத்தி, மற்ற ஆறும் அவற்றோடு ஒட்டியிருப்பதாகவும், முன்னது உடைந்தால் யாவும் உடையும் என்றும் விதி வகுத்தால், பாம்பு மறுபடி செங்கல்லாகிவிடும். பெரும் சேனைகளை ஆடும்போதோ, பொம்மைகளை எண்ணுவதை விட்டுவிட்டுப் பீடத்தைப் பரப்பாகவே காண்பது உத்தமம்.

ஆகவே, இவ்விளையாட்டில் புதிதாக இறங்க எண்ணும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பொம்மைகளை வாங்குவதற்கு முன், ஒரு தாளை 225 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி உங்கள் மேசைமேல் வைத்து, அதை ஒரு பட்டாளம் என்று எண்ணிக்கொண்டு, உங்கள் மனத்திலுள்ள யுத்தம் அங்கே அடங்குமா என்று பாருங்கள். அடங்காவிட்டால் தாளைத்தான் சிறிதாக்கவேண்டும்; மேசை வளராது.